வழியில் நின்றால்

அத்தியாயம் பதினான்கு

வெப்பம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டபோது சரண்யா நார்த்தாமலைக்குப் பிரியும் விலக்கைத் தாண்டியிருந்தாள்.

“மாரியாத்தா, கீரனூர் வரைக்கும் மட்டும் கொண்டுபோய்ச் சேர்த்துரு” என்று வாய்விட்டே கேட்டாள். வேகத்தைக் குறைத்தாள். முள் இறங்கவில்லை. பானெட்டின் இடுக்கிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது.

முள் சிவப்புக்குப் போனால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும், இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று ஓட்டினால் இன்ஜினே போய்விடும் என்று அண்ணன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். சாலையோரப் புளியமரத்தடியில் வண்டியை ஒதுக்கி அணைத்தாள்.

இறங்க வேண்டும். அந்த வண்டியின் ஓட்டுநர் கதவு உள்ளேயிருந்து திறக்காது. கண்ணாடியைச் சுற்றி இறக்கி, கையை வெளியே விட்டு, வெளிப்பக்கக் கைப்பிடியைத் தூக்க வேண்டும். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட்ட வேலைகளில் அதுவும் ஒன்று. இன்று பார்த்துக் கண்ணாடி பாதியில் சிக்கிக்கொண்டது. கை நுழையவில்லை. முன்னால் ஆவி, பக்கத்தில் இறங்காத கண்ணாடி. அடுத்த இருக்கைக்குத் தாவி, சேலை கியரில் மாட்டிக் கிழிய, அந்தப் பக்கக் கதவு வழியாக இறங்கினாள்.

இறங்கி நின்றதும் அழுகை வந்தது.

முதல் வாரத்திலிருந்து இந்தக் கதையில் அவளை அறிந்தவர்களுக்குக் காரணம் தெரியும். இன்று புதிதாக இந்த வீட்டுக்குள் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை.

சரண்யாவின் கணவன் பிரசாந்த் மஸ்கட்டில் இருக்கிறான். வல்லத்திராக்கோட்டையில் மாமனார் கண்ணுசாமி, மாமியார் சொர்ணவல்லி, எல்கேஜி படிக்கும் மகள் பிரகதாம்பாள் ஆகியோருடன் இவள் இருக்கிறாள். ரத்தப் பரிசோதனைப் படிப்பு படித்தவள். கல்யாணத்தன்று பீரோவில் வைத்த சான்றிதழ் போன மாதம்தான் வெளியே வந்தது. கீரனூரில் ஒரு சிறிய லேபில் வேலை கிடைத்தது. காலை ஏழு மணிக்கு லேபைத் திறக்க வேண்டும். அந்த நேரத்துக்குப் போய்ச் சேர ஊரிலிருந்து பஸ் தோதுப்படவில்லை.

அப்போதுதான் அண்ணன் அரவிந்த்குமார் இந்த வண்டியைக் கண்டுபிடித்தான். புதுக்கோட்டை டவுனில் சின்னதாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறவன். திருச்சியில் வாடகைக்கு ஓடி, ரெண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டி, வேண்டாம் என்று ஓரங்கட்டிய டீசல் கார். காயலாங்கடையில் நல்ல பாகமாகத் தேடிப் பிடித்துப் போட்டான். மங்கிப்போன ஹெட்லைட்டைப் பற்பசை போட்டுத் தேய்த்தே கண்ணாடியாக்கினான். துரு தின்ற தரையில் தகடு வைத்துப் பற்றவைத்தான். இருக்கைகளுக்கு உறை சரண்யாவே தைத்தாள். ஒவ்வொரு வேலைக்கும் ‘இது உயிருக்கு வேணும், இது அழகுக்கு, இது அடுத்த மாசத்துக்கு’ என்று அண்ணனும் தங்கையும் பிரித்துப் பிரித்துத்தான் செய்தார்கள்.

சொர்ணவல்லிக்கு இதில் ஒன்றும் பிடிக்கவில்லை.

“திருச்சி ரோட்டுல பொம்பளப்புள்ள தனியாவா? அதுவும் இந்த ஓட்ட வண்டியில?” என்றாள். எல்லோரும் சொல்லிப் பார்த்து ஓய்ந்த பிறகு, பூஜை அறையில் விளக்கேற்றி வைத்து ஒரு நிபந்தனை போட்டாள். “ஒரே ஒரு தடவ வண்டி வழியில நின்னுச்சுன்னாலும் அன்னியோட வேலை முடிஞ்சுது. சரியா?”

விளக்கின் முன்னால் நின்று சரண்யா சரி என்றாள். விளக்கின் முன்னால் சொன்ன சொல்லை மீறுகிற பெண் அல்ல அவள்.

இன்று வண்டி வழியில் நின்றுவிட்டது.

அண்ணனைப் போனில் வரச்சொன்னாள். அடுத்து லேப் மேடத்துக்குப் போட்டாள். சர்க்கரைப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றிச் சொன்னாள்.

“பரவாயில்லம்மா, இன்னிக்கு நான் போய்த் திறந்துக்கிறேன். நாளைக்கு வந்துருவீங்கல்ல?”

“அப்புறம் பேசுறேன் மேடம்” என்று வைத்துவிட்டாள்.

அந்த நேரத்தில் ஜல்லி ஏற்றிய லாரி ஒன்று அவளைத் தாண்டிப் போய் நின்றது. ஓட்டுநர் இறங்கினார். வேலியோரம் ஒரு பெரிய கிளையை ஒடித்து, வருகிற வண்டிகளுக்குத் தெரியும்படி காருக்குப் பின்னால் சற்றுத் தள்ளிப் போட்டார்.

“ஆளுக்குச் சொல்லியாச்சாம்மா?”

“அண்ணன் வர்றாங்க.”

“அப்ப மரத்துக்கு அங்கிட்டு நில்லுங்க. வண்டியை ஒட்டி நிக்காதீங்க. எங்க ஆளுக கண்ணை மூடிக்கிட்டு வருவானுக.” சிரித்துவிட்டு ஏறிப் போய்விட்டார்.

அவர் பெயர் அவளுக்குத் தெரியாது. கடவுள் அனுப்புகிற ஆட்களில் பாதிப் பேர் பெயர் சொல்லிவிட்டுப் போவதில்லை.

---

அரவிந்த்குமார் ஒர்க்‌ஷாப்பின் ‘குட்டி யானை’ மினி லாரியில் கயிறோடு வந்தான். தங்கையின் கிழிந்த சேலையைப் பார்த்தான். நனைத்த சாக்கை ரேடியேட்டர் மூடி மேல் போட்டுக் காத்திருந்து, மெல்லத் திருகினான்.

மூடியின் அடிப்பக்கம் பாலாடை போல வெளிர் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது.

அவன் முகம் செத்துவிட்டது.

“என்னண்ணே?”

“ஹெட் கேஸ்கெட் போயிருச்சு போல. ஆயிலும் தண்ணியும் கலந்துருச்சுன்னாத்தான் இப்படி ஆடை கட்டும்.”

“அப்டின்னா?”

“இன்ஜினைப் பிரிக்கணும். பிரிச்சா, இந்த வண்டியை வாங்குன காசுக்கு மேல ஆகும்.” மூடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். “நான் நல்லாத்தானே பாத்தேன் பாப்பா? எப்படிப் போச்சு?”

அதற்குள் மாமனார் போன் செய்துவிட்டார். ஸ்பீக்கரில் போடாமலே அரவிந்துக்கும் கேட்டது. கண்ணுசாமியின் குரல் அப்படி.

“நின்னுருச்சாமே! கீரனூர் பஸ்ஸுல போன நம்ம ஊருக்காரன் பாத்துட்டுப் போன் போட்டுச் சொல்றான். ஒங்கண்ணன் நம்ம தலையில கட்டுனது காரில்ல ஆத்தா, காயலாங்கடை! நாலு சக்கரம் வச்ச காயலாங்கடை! அவன்கிட்ட சொல்லு, பேரீச்சம்பழம் வாங்கிக்கிறேன்னு!”

பின்னாலிருந்து சொர்ணவல்லியின் குரல் கேட்டது. “அவளுக்கு ஒண்ணும் ஆகலையேன்னு கேளுங்க மொதல்ல.”

“ஒண்ணும் ஆகல மாமா” என்றாள் சரண்யா.

“அப்பச் சரி. ஒங்கத்தை சொல்லச் சொல்றா, பேச்சு ஞாபகம் இருக்குல்லன்னு.”

“இருக்கு மாமா.”

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு புதுக்கோட்டைக்குத் திரும்பினார்கள். இழுபடுகிற வண்டிக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சரண்யா உட்கார்ந்திருந்தாள். கயிறு விறைக்கும்போதெல்லாம் வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. வந்த வழியே, வந்த ஊர்களே, ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

---

ஒர்க்‌ஷாப்பில் வேறு வண்டி எதுவும் அன்று இல்லை. அரவிந்த் முதல் காரியமாக ஆயில் குச்சியை உருவிப் பார்த்தான். துணியில் துடைத்தான். மறுபடி விட்டு உருவினான்.

“இது என்ன புள்ள, ஆயில் சுத்தமா இருக்கு?”

“நல்லதுதானே?”

“நல்லதுதான். ஆனா கேஸ்கெட் போயிருந்தா ஆயிலும் மோர் மாதிரி ஆயிருக்கணும். ஆகல. அப்ப கேஸ்கெட் போகல. அப்ப இந்த ஆடை எங்கேருந்து வந்துச்சு?”

ரேடியேட்டருக்குப் பக்கத்தில் இருக்கிற பிளாஸ்டிக் டப்பாவைக் கழற்றினான். உபரித் தண்ணீர் தேங்குவதற்கான டப்பா அது. வருஷக்கணக்கில் சூடுபட்டுப் பழுப்பேறிக் கிடந்தது. வெளியிலிருந்து பார்த்தால் எவ்வளவு தண்ணீர் என்று மட்டம் மட்டும் தெரியும், என்ன நிறம் என்று தெரியாது. சரண்யா தினமும் காலையில் பானெட்டைத் திறந்து, ஆயிலையும் அந்த மட்டத்தையும் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவாள். அண்ணன் போட்ட சட்டம் அது. மூன்று வாரமாக மட்டம் கோட்டுக்குக் கீழே இறங்கவில்லை என்று அவளுக்குப் பெருமை.

அரவிந்த் டப்பாவை ஒரு தட்டில் கவிழ்த்தான். பச்சையாக வந்திருக்க வேண்டிய கூலன்ட் என்கிற குளிர்விப்பு நீர், மஞ்சளும் வெள்ளையுமாகத் திரிதிரியாக விழுந்தது. அடியில் சாம்பல் மாதிரி வண்டல். விரலில் தொட்டான். மோந்து பார்த்தான்.

“சந்தனம் வாடை அடிக்குது.”

சரண்யா குனிந்தாள். சந்தனம். அதற்கு அடியில் பச்சைக் கற்பூரம். திரிந்த பாலின் புளிப்பு. தட்டின் ஓரத்தில் சின்னதாக ஒன்று ஒட்டியிருந்தது. நகத்தால் எடுத்தாள்.

வெந்து கறுத்துப்போன வேப்பிலை.

அவளுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது. செவ்வாயும் வெள்ளியும் விடியற்காலையில் மாரியம்மன் கோயிலில் அபிஷேகம். சொர்ணவல்லி குளித்து ஈரத்தலையோடு போய், பித்தளைச் சொம்பில் தீர்த்தம் வாங்கி வருவாள். பாலும் மஞ்சளும் சந்தனமும் விபூதியும் கலந்த தீர்த்தம். அந்த நேரத்தில்தான் சரண்யா பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, அதை அப்படியே விட்டு, தலை வாரவும் டிபன் பாக்ஸ் எடுக்கவும் உள்ளே போவாள். திரும்பி வரும்போது மாமியார் வண்டிக்குப் பக்கத்தில் எங்கேயாவது நின்றுகொண்டிருப்பாள். கேட்டால், “வாசல் தெளிச்சேன்” என்பாள்.

வண்டி வந்த முதல் நாள் அரவிந்த் இந்த டப்பாவைக் காட்டி, “வண்டிக்கு இதுதான் உசுரு. இது வத்துனா வண்டி காய்ஞ்சு கருகிரும்” என்று தங்கைக்குச் சொல்லிக்கொடுத்தான். கிரைண்டரைக் கழுவுகிற சாக்கில் சொர்ணவல்லி அங்கேயே நின்றிருந்தாள்.

“யாரு ஊத்துனா?” என்றான் அரவிந்த்.

சரண்யா இலையை உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்.

“சொல்லு புள்ள. அத்தைதானே?” தட்டைத் தரையில் வைத்தான். கோபமும் நிம்மதியும் சேர்ந்து அவன் குரல் உயர்ந்தது. “நான் ஏமாத்திட்டேன்னு ஒங்க மாமா ஊரைக் கூட்டுறாரு. நாளைக்கு எவனாச்சும் என்னை நம்பி வண்டியை விடுவானா? இந்தத் தட்டை அப்படியே கொண்டுபோயி அவரு முன்னாடி வைக்கிறேன். ஒன் வேலையும் மிஞ்சும், என் பேரும் மிஞ்சும்.”

“வேணாம்ணே.”

“ஏன் வேணாம்?”

“மோட்டார் பெட்டிக் கதை ஒனக்குத் தெரியாதா?”

அரவிந்துக்குத் தெரியும். அந்தக் குடும்பத்தில் சம்பந்தம் வைத்த எல்லோருக்கும் தெரியும். எந்தக் காலத்திலோ ஒரு ஆயுதபூஜையன்று சொர்ணவல்லி பம்புசெட் மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் மஞ்சள் தண்ணீர் தெளித்து, அது படாரென்று வெடித்துப் புகைந்துவிட்டது. அன்றிலிருந்து கண்ணுசாமி அந்தக் கதையைச் சொல்லாத கல்யாணப் பந்தி இல்லை. “எம் பொண்டாட்டி கும்புட்டா மோட்டாரே எந்திரிச்சு நின்னு பதில் சொல்லும்” என்று ஆரம்பிப்பார். பந்தி சிரிக்கும். சொர்ணவல்லி அன்றைக்கு இலையில் பாதியைச் சாப்பிடாமல் எழுந்துவிடுவாள். அவர் கெட்டவர் இல்லை. அவள் எழுந்து போவதை அவர் ஒரு தடவைகூடக் கவனித்ததில்லை.

“இந்தக் கதையையும் மாமா கையில குடுத்தா, சாகுற வரைக்கும் அத்தையைச் சொல்லிக் காட்டுவாங்க” என்றாள் சரண்யா.

“அதுக்காக நீ வேலையை விட்டுருவியா? நீ வேலைக்குப் போகக் கூடாதுன்னு நின்னவங்க அவங்க.”

சரண்யா வேப்பிலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போகக் கூடாது என்று நின்றவள், போகிறவளுக்காக ஈரத்தலையோடு கோயிலுக்குப் போயிருக்கிறாள். காலையில் கிளம்பும்போது மாமியார் ஒருநாள்கூட வாசலுக்கு வந்து வழியனுப்பியதில்லை என்று மூன்று வாரமாக மனசுக்குள் வைத்துக் குமைந்திருந்தாள். சாயங்காலம் வண்டி வந்து நின்றதும் வெளியிலிருந்து அந்தக் கதவைத் திறந்துவிடுவது மட்டும் சொர்ணவல்லிதான். அதையும் ‘டீ ஆறிப்போகுது’ என்கிற கடுகடுப்போடு செய்வாள்.

சிலருக்கு ஆண்டவன் வாயைக் கடுமையாக வைத்து, அதைச் சரிக்கட்டுவதற்காகக் கையை மென்மையாக வைத்துவிடுகிறான்.

“அவங்களைப் பாத்து ஊரைச் சிரிக்க வச்சு, அதுல எனக்கு ஒரு வேலை வேணுமாண்ணே? தினமும் சாயங்காலம் நான் அந்த வீட்டுக்குத்தானே திரும்பிப் போகணும்?”

“நல்லாருக்கு நியாயம்! நீ சொல்லாட்டிப் போ, நான் சொல்லுவேன்.” அரவிந்த் ஸ்பானரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்தான்.

உள்ளே டக் டக்கென்று சத்தம் கேட்டது. பிறகு சத்தம் நின்றுவிட்டது. வெகுநேரம் அவன் வெளியே வரவில்லை.

வந்தபோது கையில் ஒரு கறுப்பு ரப்பர் குழாய் இருந்தது. ரேடியேட்டருக்கும் இன்ஜினுக்கும் இடையில் போகிற கீழ் ஹோஸ். வளைத்துக் காட்டினான். வளைவில் மெல்லிய வெடிப்பு வாய் திறந்தது.

“இதை மாத்தலாமா வேணாமான்னு ரெண்டு தடவ கையில எடுத்தேன்” என்றான் தணிந்த குரலில். “இன்னும் ஆறு மாசம் வரும்னு திரும்ப மாட்டிட்டேன். ஒனக்குச் செலவு மிச்சமாகட்டுமேன்னு. மொத வாரத்துலேருந்தே கசிஞ்சிருக்கு.”

“ஆனா தண்ணி மட்டம் குறையவே இல்லையேண்ணே?”

“எப்படிக் குறையும்? வத்த வத்த அத்தை ஊத்திக்கிட்டு இருந்திருக்காங்கள்ல.”

இருவரும் தட்டைப் பார்த்தார்கள்.

“அவங்க ஊத்துனது ரேடியேட்டரை அடைச்சுது, வாஸ்தவம். ஆனா ஊத்தாம இருந்திருந்தா தண்ணி மொத்தமும் வத்தி, நீ முள்ளைப் பாக்குறதுக்கு முன்னாடியே இன்ஜின் ஜாம் ஆகியிருக்கும். ஓட்டத்துல, அந்த ரோட்டுல.” குழாயைச் சுருட்டிப் பைக்குள் வைத்தான். “அத்தையைப் பத்தி நான் வாயைத் தொறக்கல. ஹோஸு என் தப்பு. அதைச் சொல்றேன். பொய்யும் இல்லல்ல?”

“நீ பேரைக் கெடுத்துக்கிறியேண்ணே.”

“ஹோஸை மாத்தாதவனுக்கு அந்தப் பேரு வர்றது நியாயந்தான். பேசாம சோப்புத் தண்ணி கரை.”

பிற்பகல் முழுக்கக் கழுவினார்கள். ரேடியேட்டருக்குள் சுடுதண்ணீரை விட்டு விட்டு, தெளிந்து வரும்வரை வடித்தார்கள். பழைய டப்பாவுக்குள் சோப்புத் தண்ணீரோடு ஒரு கை அரிசியைப் போட்டுக் குலுக்கிப் பார்த்தான். வண்டல் போயிற்று, வாடை போகவில்லை. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, காயலாங்கடைக்காரரிடம் கேட்டு, அடிபட்ட வேறொரு வண்டியிலிருந்து பளிச்சென்று ஒரு டப்பா வாங்கி வந்தான். புது ஹோஸ் போட்டான். பச்சைக் கூலன்ட் ஊற்றினான். கண்ணாடி போல வெளியிலிருந்தே பச்சை தெரிந்தது.

இன்ஜினை ஓடவிட்டுப் பக்கத்தில் நின்றார்கள். முள் பாதியில் போய் நின்றது. அதற்கு மேல் ஏறவில்லை.

வண்டி சரியாகிவிட்டது. சரண்யாவுக்குத்தான் போக இடம் இல்லை.

---

வீட்டு வாசலில் வண்டி நின்றபோது கதவைத் திறந்துவிட சொர்ணவல்லி வரவில்லை. அரவிந்த் சரிசெய்து கொடுத்த கண்ணாடியை இறக்கி, சரண்யாவே கையை வெளியே விட்டுத் திறந்துகொண்டாள். கூட வந்த அரவிந்த் அந்தப் பக்கம் இறங்கினான்.

பிரகதாம்பாள் ஓடிவந்து பானெட்டைத் தொட்டுப் பார்த்தாள். “அம்மா, கார் செத்துப் போச்சுன்னு தாத்தா சொன்னாரு.”

“சாகலடா. காய்ச்சல் வந்துச்சு, சரியாயிருச்சு.”

கண்ணுசாமி நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தார். “வாங்க மாப்ள! பேரீச்சம்பழம் எங்க?”

“மாமா, தப்பு என்னோடதுதான்.” அரவிந்த் பானெட்டைத் திறந்து புது ஹோஸைக் காட்டினான். பையிலிருந்து பழையதை எடுத்து வளைத்து வெடிப்பைக் காட்டினான். “இதை அப்பவே மாத்தியிருக்கணும். மாத்தாம விட்டுட்டேன்.”

இப்படி நேராக ஒத்துக்கொள்வான் என்று கண்ணுசாமி எதிர்பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் தடுமாறினார். பிறகு சமாளித்துக்கொண்டார். “அதான் பாத்தேன். ஒரு ரப்பர் குழாய்க்குக் கஞ்சத்தனம் பண்ணி நடுரோட்டுல விட்டியே மாப்ள. நீயெல்லாம் மெக்கானிக்கு!”

அரவிந்த் தலைகுனிந்து நின்றான். பானெட்டைக்கூட மூடாமல், தங்கையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க நடந்துவிட்டான்.

பிரசாந்த் வீடியோவில் வந்தான். “அம்மாகிட்டச் சொன்னதைக் காப்பாத்திரு சரண்யா. வீட்டுல சண்டை வேணாம். அடுத்த வருஷம் நான் வந்ததும் வேற பாக்கலாம்.”

அடுத்த வருஷம். அவன் அதைப் பரிவோடுதான் சொன்னான். அதுதான் வலித்தது.

சொர்ணவல்லி சமையலறை நிலைப்படியில் நின்று, யாரையும் பார்க்காமல் சொன்னாள். “பேச்சுன்னா பேச்சுதான்.”

“சரிங்கத்தை. நாளைக்குக் காலையில போன் பண்ணிச் சொல்லிர்றேன்.”

மறுத்துப் பேசியிருந்தால் சொர்ணவல்லிக்குச் சுலபமாக இருந்திருக்கும். மருமகள் டிபன் பாக்ஸைக் கழுவ உட்கார்ந்துவிட்டாள். காலையில் கட்டிக் கொடுத்த எலுமிச்சைச் சாதம் தொடாமல் அப்படியே இருந்தது.

விளக்கு வைக்கிற நேரம். பூஜை அறையில் மணி ஒலித்தது. கற்பூர வாசனை வந்தது. சற்றுப் பொறுத்து, சொர்ணவல்லி கையில் பித்தளைச் சொம்போடு வாசலுக்குப் போவதைச் சரண்யா ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

காலையில் வாங்கிய தீர்த்தத்தின் மிச்சம். வண்டி சூடாகி நின்றது என்று கேள்விப்பட்டிருக்கிறாள். சூட்டைத் தணிக்க அவளிடம் இருப்பது அதுதான். பானெட் திறந்தே கிடந்தது.

சரண்யா கையைத் துடைக்காமல் ஓடினாள். படியில் வந்து நின்றுவிட்டாள். தடுத்தால் தெரிந்துவிடும். தடுக்காவிட்டால் அண்ணன் பகல் முழுக்கச் செய்த வேலை போய்விடும்.

சொர்ணவல்லி டப்பாவின் மூடியைத் திறந்திருந்தாள். சொம்பைச் சாய்க்கப் போனவள் அப்படியே நின்றாள். டப்பா புதிதாக இருந்தது. உள்ளே பளபளவென்று பச்சையாக இருந்தது.

“டப்பாவை மாத்திருக்கான்” என்றாள், திரும்பாமலே.

“ஆமாத்தை. பழசுல அழுக்குச் சேர்ந்துருச்சு.”

“என்ன அழுக்கு?”

சரண்யா சொம்பைப் பார்த்தாள். தீர்த்தத்தில் ஒரு வேப்பிலை மிதந்தது. “ஓடுற வண்டிக்கு வர்ற அழுக்குத்தான் அத்தை.”

“ஒங்கண்ணன் ஹோஸுன்னானே?”

“அதுவுந்தான்.”

சொர்ணவல்லி வெகுநேரம் டப்பாவையே பார்த்தாள். பிறகு சொம்பை. சொம்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“நாந்தானா?”

சரண்யா கிட்டே போனாள். மாமியாரின் கையோடு சேர்த்துச் சொம்பைச் சாய்த்து, உள்ளங்கையில் கொஞ்சம் ஏந்தி, கண்ணில் ஒற்றிக் குடித்தாள். பிறகு நாலு சக்கரத்திலும் ஒவ்வொரு துளி தெளித்தாள்.

“உள்ள ஊத்த வேணாம் அத்தை. இப்படி வெளியில தெளிங்க. ஒரு கெடுதலும் இல்ல.”

“ஒங்க ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுமா வேலையை விடுறேன்னே?”

சரண்யாவின் போன் இடுப்பில் அதிர்ந்தது. லேப் மேடம். அவள் எடுக்கவில்லை.

“நீ கெளம்பையில நான் வாசலுக்கு வாரதில்ல” என்றாள் சொர்ணவல்லி. “வந்து நின்னா போகாதேன்னு சொல்லிருவேன். அந்த ரோட்டை நெனச்சாலே எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. நீ திரும்பி வந்து, நான் அந்தக் கதவைத் தொறந்து விடுற வரைக்கும்.”

வீட்டுக்குள் கண்ணுசாமி யாரிடமோ போனில் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தார். “அட, சம்பந்தி வீட்டு மெக்கானிக்குதாங்க! ஒரு ரப்பர் குழாய் மாத்தத் தெரியாம...” அவர் சிரிப்பு வாசல்வரை வந்தது.

சொர்ணவல்லி அந்தச் சிரிப்பைக் கேட்டாள். அது எப்படிப்பட்ட சிரிப்பு என்று அந்த வீட்டில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை. இன்று ஒரு ஊரில் கேட்டது நாளை எத்தனை ஊர்ப் பந்தியில் கேட்கும் என்றும் தெரியும்.

சொம்பைச் சரண்யாவின் கையில் கொடுத்தாள். டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு படியேறி, கணவனின் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றாள்.

“ஏங்க, அந்தப் போனைக் கொஞ்சம் வைங்க. ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றாள். “சிரிக்கக் கூடாது.”